வாழ்த்தும் வரலாறும்
(தமிழர், சிங்களவர், உருசியர், சீனர் ஆகியோரின் வாழ்த்து மரபுகள்: ஓர் ஒப்பு நோக்கு)

உலகில் வழங்கும் மொழிகள் பலவாயினும், பிறர்க்கு நலம் வேண்டிக் கூறும் சொல் இல்லாத மொழி ஒன்றேனும் உண்டெனக் கூறுதல் அரிது. பிறந்த மகவைக் கையில் ஏந்தும்போதும், மணமக்கள் தலையில் அறுகும் அரிசியும் இடும்போதும், புத்தாண்டு பிறக்கும்போதும், வழிச்செல்வோரை விடுக்கும்போதும் மக்கள் வாழ்த்துகின்றனர். ஆயினும், எதனை நலம் என வேண்டுகின்றனர், யாரை நோக்கி வேண்டுகின்றனர், எச்சொல்லை அஞ்சி விலக்குகின்றனர் என்பன நாட்டுக்கு நாடு வேறுபடும். இவ் வேறுபாடுகள் வெறும் சொல் வேறுபாடுகள் அல்ல. ஒரு மக்கட் கூட்டத்தின் நிலமும் தொழிலும் சமயமும் அரசியலும் அதன் வாழ்த்து மொழியில் சுவடு பதித்துச் செல்கின்றன. ஆதலின், வாழ்த்துச் சொற்களை ஆராய்தல் வரலாற்றை ஆராய்தலே ஆகும்.

இவ்வாய்வுக்கு ஈழநாடு பெரிதும் ஏற்ற களமாகும். இங்கே தமிழும் சிங்களமும் ஈராயிரம் ஆண்டுகளாக அருகருகே வழங்கி வருகின்றன. சிறப்பாக, வவுனியா மாவட்டத்தின் வடகிழக்கே அமைந்த நெடுங்கேணியும் அதன் சுற்றூர்களும் அவ்விரு மொழிகளும் எல்லை தொடும் நிலத்தில் உள்ளன. நெடுங்கேணிக்குத் தென்கிழக்கே உள்ள பதவியாவில், தொன்மையான பெருங்குளத்தின் அயலிலே, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. உருசிய மொழியும் சீன மொழியும் இத் தீவின் மொழிகளோடு நெருங்கிய தொடர்பு அற்றவை. ஆதலின் ஒப்புமைகள் காணப்படுமிடத்து, அவை கடன் கொண்டவை அல்ல, மனித இயல்பினின்று பிறந்தவை என்று துணிதற்கு அவ்விரண்டும் உதவும்.

ஒரு பழைய வினா

வாழ்த்தினால் பயன் உண்டோ என்னும் வினா புதிதன்று. பௌத்தர்களின் விநய பிடகத்தில், சுள்ளவக்கம் என்னும் பகுதியில், ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. புத்தர் அறவுரை கூறிக்கொண்டிருக்கையில் தும்மினார். சூழ இருந்த பிக்குகள் அவர் நீடு வாழ்க என உரத்த குரலில் வாழ்த்தினர். அவ்வொலியால் அறவுரை தடைப்பட்டது. புத்தர் அவர்களை நோக்கி, தும்மியவரை வாழ்க என்று கூறுவதனால் ஒருவர் வாழ்தலோ இறத்தலோ நிகழுமோ என வினவினார். நிகழாது என்பதே விடை. ஆகவே, அவ்வாறு கூறலாகாது என அவர் விதித்தார்.

வரலாற்றாசிரியர் ஊன்றி நோக்கவேண்டியது அதன்பின் நிகழ்ந்ததேயாகும். பிக்குகள் தும்மியபோது இல்லறத்தார் வழக்கம்போல் வாழ்த்தினர். விதிக்கு அஞ்சிய பிக்குகள் மறுமொழி கூறாது வாளாவிருந்தனர். இல்லறத்தார் மனம் வருந்தி அவர்களைப் பழித்தனர். அதனை அறிந்த புத்தர், இல்லறத்தார் மங்கலத்தை விரும்புவோர் என்று கூறி, அவர்கள் வாழ்த்துமிடத்து நீடு வாழ்க என மறுமொழி கூறுதலை அனுமதித்தார். வாழ்த்து ஆயுளை நீட்டாது. ஆயினும் அதனை மறுத்தல் உறவைக் குறைக்கும். இவ்விரண்டு உண்மைகளும் அந்நிகழ்ச்சியில் ஒருங்கே அடங்கியுள்ளன. பௌத்தம் வேரூன்றிய சிங்கள நாட்டில் இன்றும் குழந்தை தும்மினால் 'ஆயுபோவன்' என்பர். தமிழ்த் தாய்மார் 'நூறு' என்பர். உருசியரும் தும்மியவரை உடல்நலத்துடன் இருக்குமாறு வாழ்த்துவர். விதியைக் காட்டிலும் வழக்கே வலிது என்பதற்கு இது சான்றாகும்.

சொல்லமைதி

வாழ்த்தும் வினைவடிவைத் தமிழ் இலக்கண நூலார் வியங்கோள் என வழங்குவர். வாழ்க, வளர்க, பொலிக என வரும் இவ்வடிவம் தன்மையிலும் முன்னிலையிலும் பெரும்பான்மையும் பொருந்தாது என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலார் காலத்தில் அது மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் உரியதாயிற்று. பண்டைத் தமிழில் 'அவன் வாழ்க' என்று படர்க்கையில் வேண்டிய வடிவமே பிற்காலத்தில் 'நீ வாழ்க' என்று எதிர்நின்றாரை நோக்கிக் கூறும் வடிவமாக விரிந்தது என இதனால் உய்த்துணரலாம். வியங்கோளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. வாழ்த்துதற்கும் வைதற்கும் வடிவம் ஒன்றே. 'வாழ்க' என்பதும் 'ஒழிக' என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை.

இவ்விரட்டைத் தன்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிங்களத்தில் நலம் வேண்டிப் பாடுவது 'செத் கவி', கேடு வேண்டிப் பாடுவது 'வஸ் கவி'. தமிழில் அறம் வைத்துப் பாடுதல் என்பதற்கு வஸ் கவி நிகராகும். சீனத்தில் வாழ்த்துதலைக் குறிக்கும் 'சூ' என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவம், பலிபீடத்தின் முன் மண்டியிட்ட ஒருவனைக் காட்டுவது. பழைய நூல்களில் அவ்வெழுத்தே சபித்தற் பொருளிலும் வழங்கியுள்ளது. கல்வெட்டுகளும் இதனையே காட்டும். சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்னும் மங்கலச் சொல்லோடு தொடங்குவன. அவற்றுட் பல, தருமத்துக்குக் கேடு சூழ்வோர் கங்கைக் கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என முடிவன. கி. பி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுச் சிங்களத் தூண் கல்வெட்டுகள் பலவற்றில் காகமும் நாயும் செதுக்கப்பட்டுள்ளன. ஆணையை மீறுவோர் அப்பிறவி எய்துவர் என்பது கருத்து. தொடக்கத்தில் நல்வாக்கும் இறுதியில் சாபமும் நின்று ஒரே அறத்தைக் காத்தன.

எதிர்ப்படும்போது கூறும் மொழிகளை ஒப்பிடின் நுண்ணிய வேறுபாடு ஒன்று தோன்றும். 'ஆயுபோவன்' என்பது கேட்பவரது ஆயுள் பெருகுக என்னும் வேண்டுதல். உருசியர் கூறும் 'ஸ்த்ராஸ்த்வூய்தே' என்பது நலமுடன் இருப்பீராக என்னும் ஏவல். 'வணக்கம்' என்பதோ கேட்பவர்க்கு யாதும் வேண்டுவதன்று. கூறுபவரது பணிவைத் தெரிவிப்பது. நமஸ்காரம் என்பதன் இடத்தில் இச்சொல் பெருவழக்கானது 20ஆம் நூற்றாண்டில், தனித்தமிழ் உணர்வு வளர்ந்த காலத்திலேயாம். உருசியர் நன்றி கூறும் 'ஸ்பசீபா' என்னும் சொல் கடவுள் காப்பாராக என்னும் தொடரின் திரிபு. சமயத்தை விலக்கிய சோவியத்து ஆட்சியிலும் மக்கள் நாள்தோறும் அவ்வாழ்த்தைப் பொருள் அறியாது கூறியே வந்தனர். அரசுகள் மாறினும் சொற்களுள் உறையும் பழமை எளிதில் அழியாது.

பல்லாண்டு வேண்டுதலிலும் ஒப்புமை உண்டு. சீனர் 'வான்சுயி', அதாவது பதினாயிரம் ஆண்டு, என்னும் வாழ்த்தைப் பேரரசனுக்கே உரியதாக்கினர். உருசியத் திருச்சபையில் 'ம்னோகயா லேதா', அதாவது பல ஆண்டுகள், எனப் பாடும் மரபு பைசாந்தியத்தினின்று வந்தது. தமிழரோ அவ்வாழ்த்தை அரசனுக்கு அளித்ததோடு அமையாது இறைவனுக்கே அளித்தனர். பெரியாழ்வார் திருமாலுக்குப் பல்லாண்டு பாடினார்; சேந்தனார் தில்லைக் கூத்தனுக்குப் பல்லாண்டு பாடினார். காலத்தைக் கடந்தவனுக்கு ஆண்டுகளை வேண்டுதல் எற்றுக்கு எனின், அது பேறு வேண்டுதலன்று, பரிவின் மிகுதி என்பர் உரையாசிரியர். வாழ்த்தின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

மழையும் முறையும்

தனி ஒருவர் நலத்தை வேண்டுதல் ஒருவகை. நாட்டின் நலத்தை வேண்டுதல் மற்றொரு வகை. தமிழில் பின்னதன் பழைய எடுத்துக்காட்டு ஐங்குறுநூற்றின் முதற் பத்தாகிய வேட்கைப் பத்தாகும். ஓரம்போகியார் பாடிய அப் பத்துப் பாட்டும் சேர மன்னனை வாழ்த்தித் தொடங்குவன. நெல் பொலிதல், பால் ஊறுதல், பசியும் பிணியும் நீங்குதல், வேந்தனது பகை தணிதல், அரசன் முறை செய்தல், களவு ஒழிதல், மாரி வாய்த்தல் ஆகியன அங்கே வேண்டப்படுகின்றன. அவ்வாறு வேண்டியவள் யார் எனின், கணவனாற் பிரியப்பட்டு வருந்தும் தலைவி. தன் துயரை நினையாது நாட்டின் நலத்தை வேண்டினாள் அவள். அவள் பொருட்டுத் தோழியரே வேறு வேண்டினர். தன்னலம் குன்றிய பொழுதும் பொதுநலம் வேண்டும் இப்பண்பை அப்பாடல்கள் பெருமையுடன் போற்றுகின்றன.

ஈழத்துச் சைவக் கோயில்களில் பூசையின் இறுதியில் பஞ்சபுராணம் ஓதியபின் வாழ்த்துப் பாடுதல் வழக்கம். பெரும்பாலும் பாடப்படுவது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்துச் செய்யுளாகும். வழுவாத மழை, மலியும் வளம், அரசனது செங்கோன்மை, குறைவின்றி வாழும் உயிர்கள் ஆகியவற்றை முதற்கண் வேண்டி, பின்னரே வேதநெறியையும் சைவநீதியையும் வேண்டுகின்றது அச்செய்யுள். சிங்களப் பௌத்தர் பிரித் ஓதும்போது கூறும் பாலி வாழ்த்தும் ஒன்று உண்டு. உரிய காலத்தில் மழை பெய்தல், விளைவு சிறத்தல், உலகம் செழித்தல், அரசன் அறவழி நிற்றல் ஆகிய நான்கும் அதன் வேண்டுதல்கள். கோயிலில் ஒலிப்பதும் விகாரையில் ஒலிப்பதும் மொழியால் வேறு; பொருளால் ஒன்றே. நெடுந்தொலைவில் சீனர் புத்தாண்டில் வேண்டுவதும் காற்றும் மழையும் ஒழுங்குபெறுதலும், நாடு அமைதியுற்று மக்கள் காப்புறுதலுமேயாம்.

இவ்வொற்றுமைக்குக் காரணம் வேளாண்மையே. வன்னி நிலம் வடகீழ்ப் பருவ மழையை நம்பியது. அங்குள்ள ஊர்ப்பெயர்கள் குளம், கேணி, மோட்டை என முடிவன பல. நெடுங்கேணி என்னும் பெயரே நீர்நிலையைக் குறிப்பது. மழை பொய்ப்பின் குளம் வற்றும். ஆட்சி பிழைப்பின் குளக்கட்டு உடையும், வாய்க்கால் தூர்ந்துபோகும். ஆதலின் மழையையும் முறையையும் ஒரே மூச்சில் வேண்டுதல் கற்பனை அன்று. குளத்தை நம்பி வாழ்ந்தோரின் பட்டறிவு.

சொல் அச்சம்

நல்ல சொல் நலம் தரும் எனின் தீய சொல் தீமை தரும் என்னும் அச்சமும் உடன் தோன்றும். நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கல மரபை ஒன்றாக வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதன்பாற்படும். பாட்டியல் நூலார் ஒருபடி மேற்சென்று, செய்யுளின் முதற்சொல் மங்கலச் சொல்லாக இருத்தல் வேண்டும் என்றும், எழுத்துகளுள் அமுத எழுத்து, நச்செழுத்து என இருவகை உண்டு என்றும், கணப் பொருத்தம் நோக்கவேண்டும் என்றும் விதித்தனர். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிதத் சங்கராவ என்னும் சிங்கள இலக்கண நூலும் எழுத்துகளின் இட்டம் அநிட்டம் ஆராயும் பகுதியை உடையது.

இந் நம்பிக்கை ஏட்டளவில் நின்றதன்று என்பதற்கு இலங்கையின் தேசிய கீதமே சான்று. ஆனந்த சமரக்கோன் இயற்றிய பாடல் 1951ஆம் ஆண்டில் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அது வணக்கத்தைக் குறிக்கும் வடசொல்லோடு தொடங்கிற்று. 1952இல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கா குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். 1959இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டார். கீதத்தின் முதற் கணம் அமங்கலமானது. அதனாலேயே நாட்டுக்குக் கேடு விளைந்தது என்னும் கூச்சல் எழுந்தது. 1961இல், இயற்றியவரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, முதலடி மாற்றப்பட்டது. பண்டிதர் மு. நல்லதம்பி செய்த தமிழ் வடிவின் தொடக்கமும் அதற்கேற்ப மாறிற்று. மனம் நொந்த சமரக்கோன் 1962 ஏப்ரலில் காலமானார். தொடக்க எழுத்துகள் மாறியும் பிற்காலத்துத் துயர்கள் தவிர்க்கப்படவில்லை. நாட்டின் நலம் அசைகளில் இல்லை, ஆள்வோரின் செயலில் உள்ளது என்பதை அடுத்த அரை நூற்றாண்டு ஐயமறக் காட்டிற்று.

சீனரின் அச்சமும் ஒலியை ஒட்டியது. கடிகாரம் பரிசளித்தல் என்னும் தொடர், இறுதிக் கடன் செய்தல் என்னும் தொடரோடு ஒலியால் ஒத்தலின் கடிகாரத்தை அன்பளிப்பாக வழங்கார். புத்தாண்டில் பாத்திரம் உடையின், உடைதலைக் குறிக்கும் சொல்லும் ஆண்டைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்தலைப் பயன்படுத்தி, ஆண்டுதோறும் அமைதி நிலவுக என்று உடனே கூறுவர். நற்பேற்றைக் குறிக்கும் 'ஃபூ' என்னும் எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவதும் அவ்வாறே. கவிழ்தலும் வந்தடைதலும் அம்மொழியில் ஓரொலி உடையன.

உருசியர் வேறொரு வழியைக் கண்டனர். தேர்வுக்குச் செல்லும் மாணவனை அவர் 'நி பூஹா நி பெரா' என்பர். தூவியும் கிட்டாதொழிக, இறகும் கிட்டாதொழிக என்பது சொற்பொருள். இது வேட்டுவரிடையே பிறந்த வழக்கு. நலத்தை வெளிப்படையாக வேண்டின் தீய ஆற்றல்கள் கேட்டுக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்தால் எதிர்மறையாக வாழ்த்தினர். மாணவனும் 'பேயிடம் போ' என்றே மறுமொழி கூறுவான். நன்றி கூறுதல் கூடாது. ஈழத்துத் தமிழர் நாவூறு என்றும் சிங்களவர் 'கடவஹ', அதாவது வாய் நஞ்சு, என்றும் கூறுவது இவ்வச்சத்தையே. குழந்தையைக் கொழுத்தது என்று புகழ்தலை இரு சாராரும் விலக்குவர்.

வன்னியின் வழக்கு

இந்நோக்கோடு வன்னியின் வழக்குகளைக் காணின் அவற்றின் பொருள் விளங்கும். சூடு மிதிக்கும் களத்திலே 'பொலி, பொலி' என்பர். ஐங்குறுநூற்றில் நெல்லுக்குக் கூறப்பட்ட அதே வினை, ஈராயிரம் ஆண்டுகளின் பின்னும் களத்தில் ஒலிக்கின்றது. குறைதலைக் குறிக்கும் சொற்களைக் களத்திற் கூறலாகாது என்பது உழவர் கட்டுப்பாடு. சிங்கள உழவரும் களத்துக்கெனத் தனிச்சொற்களை வழங்குவர். அதனைக் 'கமத் பச' என்பர்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னி மக்கள் பெருந்திரளாகக் கூடும் விழாவாகும். சாபத்தால் மதுரையை எரித்தவளைத் தெய்வமாக்கி, மழையும் விளைவும் நோயின்மையும் அருளுமாறு வேண்டுதல் அங்கே நிகழ்கின்றது. மட்டக்களப்பில் அவளது சினத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு பெயர் பெற்றது. சிங்களவர் அவளையே பத்தினித் தெய்வம் எனப் போற்றி, 'கம்மடுவ' என்னும் சடங்கில் அதே நலங்களை வேண்டுகின்றனர். சாபம் வாழ்த்தாக மாறிய வரலாறு இது. இரு மக்களும் ஒரே தாயினிடம் ஒரே வரத்தை வேண்டி நின்றனர் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

விடைபெறும் மொழியில் இவ்வொற்றுமை மேலும் தெளிவாகும். வன்னியில் வீட்டை விட்டு நீங்குவோர் 'போறன்' என்னார். 'போட்டு வாறன்' என்பர். சிங்களவரும் 'கிஹின் என்னம்', அதாவது போய் வருவேன், என்பர். உருசியரும் சீனரும் பிரியுமிடத்து மீண்டும் காண்டலையே கூறுவராயினும், அவர்கள் மொழி சந்திப்பைக் குறிக்கும்; இத்தீவின் மொழிகளோ திரும்பி வருதலைக் குறிக்கும். 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை நெடுங்கேணிப் பகுதி மக்கள் பன்முறை ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. எல்லையின் மறுபுறத்துச் சிங்கள ஊர்களிலும் உயிரிழப்பும் இடப்பெயர்வும் நிகழ்ந்தன. அக்காலத்தில் 'போட்டு வாறன்' என்பது உபசார மொழியாக இருந்ததில்லை. சொல்லியவாறு வந்தோர் பலர், வராதோரும் பலர்.

உருசியர் இரண்டாம் உலகப் போரின் பின் தம் வாழ்த்துகளுள் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர். உடல்நலமும் இன்பமும் வேண்டுவதோடு, தலைக்குமேல் அமைதியான வானம் அமைக என்றும் வேண்டுவர். அவ்வாழ்த்தின் பொருளை வன்னி மக்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. வானத்தினின்று மழையை மட்டுமே எதிர்நோக்கிய மக்கள், வானத்தை நோக்கி அஞ்சவும் கற்ற காலம் ஒன்று இருந்தது.

முடிபு

மேற்கூறியவற்றால், வாழ்த்து மரபுகள் சொல்லாலும் வடிவாலும் வேறுபடினும் அவற்றின் உள்ளீடு பெரிதும் ஒன்றே என்பது பெறப்படும். உடல்நலம், நீடிய ஆயுள், மழை, விளைவு, முறையான ஆட்சி, சென்றோர் திரும்புதல் ஆகிய இவையே எந்நாட்டாரும் வேண்டுவன. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆக்கப்பட்டது. 1987இல் அரசியல் யாப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி ஆகும் என்றது. இன்று அரச விழாக்களில் 'ஆயுபோவன்', 'வணக்கம்' என இரண்டும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. கூறுதல் எளிது. ஒன்று பிறர் ஆயுளைப் பெருக்க வேண்டுவது; மற்றொன்று பிறர்முன் பணிவது. இரண்டின் பொருளையும் உணர்ந்து ஒழுகினால் அவற்றுக்கு மேலான வாழ்த்து வேண்டுவதில்லை.

தொல்காப்பியர் வாழ்த்தின் வகைகளுள் வாயுறை வாழ்த்து என ஒன்றை வைத்தார். வேம்பும் கடுவும் போலக் கேட்குங்கால் கசந்து, பின்னர்ப் பயன் தரும் சொல் அது. புத்தரும் மேலான மங்கலம் யாது என வினவப்பட்டபோது, குறிகளையும் நாள்களையும் கூறாது, பெற்றோரைப் பேணலும் பழியற்ற தொழிலும் பொறுமையும் போன்ற நல்லொழுக்கங்களையே விடையாகக் கூறினார் என மங்கல சூத்திரம் காட்டும். வாழ்த்து மழையைப் பெய்விக்காது, குளக்கட்டைக் கட்டாது, சென்றோரைத் திருப்பிக் கொணராது. ஆயினும், பிறர்க்கு எது வேண்டும் என்பதை நாவால் ஒருமுறை கூறியவன், அதனைத் தன் கையால் கெடுக்க நாணுவான். அந்நாணமே வாழ்த்தின் பயன்.